முதல் வளைவில் திரும்பிய கார்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. கொடைக்கானல் மலையில் முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போய்விட்டு அப்படியே திரும்பி வந்த குடும்பம் தமிழ்நாட்டிலேயே எங்கள் ஒரு குடும்பமாகத்தான் இருக்கும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்களுக்குப் பரளச்சிப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் கரிசல் காடு. ஐப்பசி பாதி கடந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட காட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லும் அப்பா, ஒரு சாயங்காலம் தானாகவே, "புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கொடைக்கானல் போயிட்டு வருவமா?" என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். நானும் தம்பியும் குதித்த குதியில் அது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அருப்புக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டினார். அவர் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு. ஸ்வெட்டருக்காக டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கள் ஊர் வெயிலுக்கு எவர் ஸ்வெட்டர் விற்பார்? கடைசியில் ஒரு கடைக்காரர் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போதே அதை மாட்டிக்கொண்டேன். மதுரை வருவதற்குள் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. கழற்றச் சொன்ன அம்மாவை முறைத்தேன். மேகத்தைக் கையால் தொட்டுவிட்டு வருவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே!

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம். முதல் வளைவிலேயே தம்பிக்கு வாந்தி வந்தது. மாமா காரை ஓரங்கட்டினார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து பெரியப்பா. அவர் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏலே, மழை ஊத்துதுடா! காடெல்லாம் தண்ணி நிக்குது!"

அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "வண்டியத் திருப்பு மாப்ள" என்றார்.

"மச்சான், இன்னும் ரெண்டு மணி நேரத்துல மேல போயிரலாம். புள்ளைக மொகத்தப் பாருங்க."

"திருப்பு மாப்ள."

நான் அழவில்லை, சண்டை போட்டேன். கரிசலில் பிறந்தவளுக்குத் தெரியாதா? மழை பெய்த அன்றைக்கு அந்த மண்ணில் கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும். ஈரம் சுண்டிப் பதம் வந்த பிறகுதான் டிராக்டரே இறங்கும். "இன்னைக்கே போயி என்னப்பா செய்யப் போறீக? நாளக்கழிச்சுத்தான வெதைக்க முடியும்? மேல போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துரலாம்ல?" என் பேச்சில் ஒரு பிசகும் இல்லை. ஆனாலும் கார் திரும்பியது.

மலை உச்சியில் உட்கார்ந்து தின்னக் கட்டிய புளிச்சோற்றைத் திருமங்கலம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் தின்றார்கள். நான் தொடவில்லை.

ஊர் வந்ததும் அப்பா வீட்டுக்குள்கூட நுழையாமல் காட்டுக்கு நடந்தார். அப்படி என்னதான் தலைபோகிற வேலை என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். ஒரு வேலையும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி பாதையோரம் நின்றார். பெரியப்பாவும் நின்றார். பக்கத்துக் காட்டுக்காரர்களும் அங்கங்கே நின்றார்கள். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. இப்படி நிற்பதற்கா என் கொடைக்கானலைக் கெடுத்தார்கள்? திங்கட்கிழமை வகுப்பில், மேகம் எப்படி இருந்தது என்று கேட்டவளைக் கிள்ளி வைத்தேன்.

அந்த வருஷம் கொத்தமல்லியும் உளுந்தும் நன்றாக விளைந்தன. அதெல்லாம் என் கோபத்தைக் குறைக்கவில்லை. அப்பாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அடுத்த ஐப்பசியில் அப்பா மறுபடியும் கூட்டிப்போனார். இந்த முறை யாரும் போன் செய்யவில்லை. போன் செய்து சொல்லும்படி ஊரில் ஒரு தூறல்கூட விழவில்லை. எல்லா வளைவும் ஏறினோம். ஏரியில் படகில் போனோம், குதிரை ஏறினோம். கேட்டதையெல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் மேகம் இறங்கி மழை கொட்டியது. எல்லோரும் கடை வாசல்களுக்கு ஓடி ஒண்டினோம். அப்பா மட்டும் நனைந்தபடி ரோட்டில் நின்று, வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"இங்க ஒன்னய யாரு கேட்டா? இங்க எவன் வெதைய வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கான்?"

குல்லா போட்ட வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து, இத்தனை சந்தோஷமான நாளில், எங்களுக்கு ஒன்றுமே செய்யாத மழையோடு இவருக்கு என்ன சண்டை என்று, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.