பக்கவாட்டில் போன வெடி

எழுபதுகளின் கடைசியில், சோழவந்தானுக்கு வடக்கே எங்கள் வாழைத்தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கத் தொடங்கின. பயிர்க்காவலுக்கென்று என் பெயரில் ஒரு லைசென்ஸ் ரைஃபிள் இருந்தது. சுடும்போதெல்லாம் அது என் தோளில் உதைக்கும். இரண்டு நாளைக்குத் தோள் கன்றிப்போய்க் கிடக்கும். அந்த உதைக்குப் பயந்து விசையை அழுத்தும் நேரத்தில் கண்ணை மூடிவிடுவேன். குறி தப்பும்.

அப்படித் தப்பிய குண்டு ஒரு விடிகாலையில் பன்றியின் வயிற்றைக் கிழித்தது. குடல் சரிய ஓடிய பன்றி, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வேலையாளின் தொடையைக் கிழித்துப் போட்டது. மறுபடி சுடத் தைரியமில்லாமல் மண்வெட்டியால் அதன் மண்டையில் அடித்தேன். சாகும்வரை அடித்தேன்.

அந்த வாரமே சமயநல்லூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“இம்புட்டு நாளா பன்னிய விட்டுட்டு உங்க தோளத்தான் சுட்டுக்கிட்டு இருந்திருக்கீங்கண்ணே.”

“உதை குறையுமா, அதச் சொல்லு.”

“துப்பாக்கி வாயில, ரெண்டு பக்கமும் ஓட்ட போட்ட குழாய் ஒண்ணு மாட்டித் தாரேன். வெடிப்புல பாதி பக்கவாட்டுல போயிரும். துப்பாக்கி எகிறாது, குறியும் நிக்கும். பக்கத்துல மட்டும் யாரையும் நிறுத்தாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், வற்றிய கண்மாயில் பழைய பானை ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்க்கப் போனேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளும் வேடிக்கை பார்க்க வந்தாள். துப்பாக்கியை எடுத்தால் அவளை என் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துவது என் வழக்கம். எதிரே வந்துவிடுவாளோ என்ற பயம். பட்டறைக்காரர் சொன்னது அப்போது நினைவுக்கு வரத்தான் செய்தது. என் கண்ணில் படாத இடத்தில் இவளை எப்படி நிறுத்துவது என்று நினைத்தேன். வழக்கம்போல் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

சுட்டேன். பானை சிதறியது. தோளில் அடியே விழவில்லை.

“பாத்தியா தாயி” என்று சிரித்தபடி திரும்பினேன்.

அவள் மண்டியிட்டிருந்தாள். கண்ணெல்லாம் புழுதி. இடது காதைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. நான் அலறிக்கொண்டு அவளைப் பிடித்தேன். அவளோ, “ஏம்ப்பா சத்தமில்லாம வாய அசைக்கிறீங்க?” என்று கத்தினாள்.

வலது காது மாலைக்குள் தெளிந்தது. இடது காது இனித் திரும்பாது என்று மதுரையில் டாக்டர் சொன்னார்.

மறுநாள் பட்டறைக்குப் போய் அந்த மனிதரை அடித்தேன். பல் ஒன்று உடைந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “பக்கத்துல நிறுத்தாதீங்கன்னு சொன்னேனேண்ணே” என்றார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். “நீ சொல்லலடா” என்று இன்னும் அடித்தேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மகளும் நம்பினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தெரிந்தேதான் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன். “அவரு சொன்னாரும்மா. நாந்தான் கேக்கல” என்றேன்.

என் உதடு அசைந்ததை அவள் கண்ணாடி ஜன்னலில் பார்த்திருக்க வேண்டும். “இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கப்பா” என்று ஜன்னலோரத்தை விட்டு எழுந்தாள்.

“ஒண்ணுமில்ல தாயி” என்றேன்.