பீர் பைப்பின் காது

அன்னைக்கு முதலாளி இருந்தார், கவுண்டருக்கு வெளியே ஸ்டூல்ல. சமையல்கார நானா இருந்தார், குசினி வாசல்ல. அவர் உக்குவளை முஸ்லிம் ஆள், பார் பக்கம் கால் வைக்க மாட்டார். மாத்தளை டவுன்ல லொறி வெச்சிருக்கிறவங்க இருந்தாங்க, வருசத்துக்கு ஒருக்கா கூடிச் சாப்பிடுறவங்க, மூணு மேசை நிறைய. என் பொண்டாட்டி இருந்தாள், பின்னால எங்க ரூம்ல. நான் கவுண்டருக்கு உள்ள. எனக்குக் கீழே குளிர்ப்பெட்டிக்குள்ள பீர் பீப்பா.

தம்புள்ளை போற ரோட்டுல அது ஒரு சின்ன ஹோட்டல். எனக்கு பார்ல வேலை. வேலையோட ரூமும் தந்திருந்தார் முதலாளி. தோட்டத்து லயத்துல எங்களுக்கிருந்த ஒத்தை அறைக் காம்பராவ தம்பி குடும்பத்துக்கு விட்டுட்டு வந்தோம். அதுல இப்ப அவங்களுக்கே கால் நீட்டிப் படுக்க இடமில்ல. வேலை போனா ரூம் போகும். ரூம் போனா ரோடுதான்.

பீர் பைப்பு வாங்கினது என் பேச்சைக் கேட்டுத்தான். கொழும்புக் கடையில ரெண்டு வகை காட்டினாங்க. ஒண்ணு சாதா பைப்பு. கைப்பிடிய இழுத்தா வரும், தள்ளினா நிக்கும். மத்ததுல பக்கவாட்டுல சின்னதா ஒரு நெம்புகோலும் இருக்கும். நான் அதைக் காதுன்னு சொல்வேன். காதைத் திருகினா உள்ள இருக்கிற கூம்பு முன்னுக்கு வரும், பின்னுக்குப் போகும். பீர் வர்ற சந்து அதால சிறுசாகும், பெருசாகும். விலை ரொம்பக் கூட.

எங்க பீப்பா கவுண்டருக்கு அடியிலேயே இருக்கு. ஹோஸ் ரெண்டு முழம்தான். நீளமான ஹோஸ்ல வந்தா பீரோட வேகம் வழியிலேயே அடங்கும். ரெண்டு முழத்துல எங்க அடங்க? சாதா பைப்புல மொத்தமா நுரையா கொட்டும். அதனால காது உள்ளதை எடுங்கன்னு சொன்னேன். முதலாளி யோசிச்சார். எடுத்தார்.

கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. பிறகு கரண்ட் போக ஆரம்பிச்சுது. பெட்டி சூடாகும், பீப்பா சூடாகும், பீர் வெறி புடிச்ச மாதிரி வரும். பீரை மேல தள்ளுற கேஸைக் குறைச்சுப் பாத்தேன். பீர் செத்துப் போச்சு, மூத்திரம் மாதிரி. கூட்டினேன். நுரை. வாளி வாளியா நுரையைக் கொண்டு போய் சாக்கடைக் கானுல ஊத்தினேன். முதலாளி வாளியப் பாப்பார்.

கடைசியில புடிபட்டுது. கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் பீப்பாவச் சுத்தி ஐஸ் கட்டணும். கைப்பிடிய பாதி திறக்கக் கூடாது, முழுசாத் திறக்கணும். காதை முதல்ல மூடி வெச்சு, பிறகு கொஞ்சங் கொஞ்சமா விடணும். கிளாஸைப் பச்சத் தண்ணியில அலசிச் சாய்ச்சுப் புடிக்கணும். இதெல்லாம் செஞ்சா ரெண்டு விரல் நுரையோட நிக்கும். ஆனா அதைக் கத்துக்கிறதுக்குள்ள எத்தனையோ பீப்பா பாழாப் போச்சு.

ஒரு காலம்பற முதலாளி கூப்பிட்டார். சிங்களத்துலதான் சொன்னார், மெதுவா.

"நீ சொல்லித்தான் இதை வாங்கினேன். லொறிக்காரங்க வர்ற அன்னைக்கு ஒரு பீப்பா வைப்போம். எண்பது கிளாஸ் வரணும். வராட்டி கழட்டி வித்துட்டு போத்தல் வைப்பேன். போத்தல் திறக்க ஆள் வேணாம், நானே திறப்பேன்."

ரூமைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. கெட்ட மனுசன் இல்ல. அவர் ஹோட்டலும் ஈயோட்டிக்கிட்டுதான் இருந்துச்சு.

எண்பதுன்னு நான் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். எண்பதுன்னு ஒருக்கா திருப்பிச் சொன்னாள்.

லொறிக்காரங்க வர்றதுக்கு முந்தின நாள் ஆயுத பூசை. அன்னைக்குப் பைப்பக் கழட்டி, பகுதி பகுதியா பிரிச்சு, மருந்துத் தண்ணியில கழுவினேன். வழுவழுப்பு போற வரைக்கும் அலசினேன். காயறதுக்கு ஒரு தட்டுல பரப்பி ரூமுக்குக் கொண்டு வந்தேன். எங்க ஆக்கள் பூசைக்குக் கத்தி, மம்பட்டி, கூடை வைப்பாங்க. எங்ககிட்ட அதெல்லாம் இல்ல. பொண்டாட்டி தட்டைப் பாத்தாள். இதுதானே நமக்குச் சோறு போடுதுன்னு சொல்லி, தட்டோட தூக்கிச் சாமி முன்னால வெச்சாள். ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் வெச்சு, மேல குங்குமம் வெச்சாள். கைப்பிடிக்கு, காதுக்கு, திருகாணிக்கு, கூம்புக்கு. கற்பூரம் காட்டி, எண்பது வரட்டும்னு வாய் விட்டே கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

பூசையில வெச்ச சாமானை மறுநாள்தான் எடுக்கணும். எடுத்தேன். ஈரத்துணியால ஒவ்வொண்ணாத் துடைச்சேன். பூட்டினேன். பீப்பாவோட சீல் தனக்கு முன்னாலதான் உடையணும்னு முதலாளி சொல்லியிருந்தார். அதனால ஊத்திப் பாக்க வழியில்ல.

பகல் பன்னெண்டு மணிக்கு லொறிக்காரங்க வந்தாங்க. முதலாளி கவுண்டர்ல சாதிக்காய்க் கூடைய இழுத்து வெச்சார். பக்கத்துல ஒரு வெத்து டின். அவர் வழக்கம் அது. ஒரு கிளாஸ் மேசைக்குப் போனா ஒரு காய் டின்னுக்குள்ள.

சீல் உடைச்சேன். கைப்பிடிய முழுசா இழுத்தேன்.

நுரை.

முதல் கிளாஸ் அப்பிடித்தான் வரும், பைப்பு சூடா இருக்கும். வாளியில கொட்டினேன். ரெண்டாவதும் நுரை. காதை மூடினேன். நுரை மெல்லிசா வந்துச்சே ஒழிய பீர் வரல. ஐஸத் தொட்டுப் பாத்தேன், நல்ல ஐஸ். கேஸ் முள் நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னுச்சு. ஹோஸ் மடங்கல. வடிய விட்டு வடிய விட்டு ஒரு கிளாஸ் நிரப்பினா வாளியில அதைவிடக் கூடப் போகுது. டின்னுல காய் விழுற சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டுது.

லொறிக்காரங்க ஆரம்பிச்சாங்க. பீர் கேட்டா சவர்க்காரத் தண்ணி தர்றான்னு ஒருத்தர். இன்னொருத்தர் தாடையில நுரையப் பூசிக்கிட்டு கிட்ட வந்தார்.

"ஒரு பிளேடும் தா தம்பி. வந்தது வந்தேன், சவரமும் எடுத்துக்கிறேன்."

மேசையே சிரிச்சுது. முதலாளி சிரிக்கல. என் சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு.

வாளி நிறைஞ்சுது. தூக்கிக்கிட்டுக் குசினிக்குப் பின்னால கானுக்குப் போய் ஊத்தினேன். நானா அங்க வெங்காயத் தோல் கொட்ட வந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தம்பி இது? வழக்கமான நாத்தத்தைக் காணோம். சந்தனம்ல மணக்குது."

வெத்து வாளிய மோந்து பாத்தேன். எதிர்ல எங்க ரூம் கதவு திறந்து கிடந்துச்சு. கத்தாதீங்க நானா, அவளுக்குக் கேக்கும்னு சொன்னேன். அவர் கதவைப் பாத்தார், என்னையப் பாத்தார். உள்ள போயிட்டார்.

அவ வாசலுக்கு வந்தாள். நல்லா வருதான்னு கேட்டாள். வருதுன்னேன்.

உள்ள போய் கேஸை மூடினேன். முதலாளி என்னன்னு கேட்டார். கழட்டிக் கழுவணும்னு மட்டும் சொன்னேன். கூம்பை வெளிய எடுத்தேன். அடியில ரப்பர் வளையம் மாட்டுற பள்ளம். வளையத்தை நகத்தால கிளப்பினேன். உள்ள மஞ்சளா ஒரு கோடு, காஞ்சு இறுகி. கூம்பு மேலயும் துணிக்கு அகப்படாத சொரசொரப்பு. பீர் வழியில மணல் அளவு சொரசொரப்பு இருந்தாப் போதும், அங்கேயே நுரைச்சிடும்.

சுடுதண்ணி வேணும்னு குசினிப் பக்கம் பாத்தேன். நானா கேத்தலோட நின்னார். பாருக்குள்ள ஒரு கால் வெச்சு, எட்டிக் கையில குடுத்துட்டு, காலை எடுத்துக்கிட்டார். பல் துலக்குற பிரஷால தேய்ச்சேன். சுடுதண்ணி பட்ட பைப்பு சூட்டோட இருந்தா மறுபடி நுரைக்கும். ஐஸ் தண்ணியில போட்டு ஆற விட்டேன். அந்த நேரம் மேசைக்காரங்க தட்டைத் தட்டித் தாளம் போட்டாங்க. முதலாளி கடிகாரத்தைப் பாத்தார். நான் யாரையும் பாக்கல.

பூட்டினேன். காதை மூடினேன். கைப்பிடிய இழுத்தேன். காதை விட்டேன், ஒரு நெல்லளவு. இன்னும் ஒரு நெல்லளவு.

பீர் வந்துச்சு. கண்ணாடியோட கண்ணாடியா சத்தமில்லாம ஏறிச்சு. மேல ரெண்டு விரல் நுரை.

அதுக்குப் பிறகு ஒரு சொட்டு வாளிக்குப் போகல. கை மாத்தாம ஊத்தினேன். டின்னுல காய் டொக் டொக்குன்னு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. சவரம் கேட்டவர் குடிச்சுப் பாத்துட்டு இன்னொண்ணு கேட்டார். அவர் மேசைக்கு மட்டும் தட்டு தட்டாப் பீர் போச்சு. முதலாளி முகம் கொஞ்சம் இளகிச்சு. எனக்கும் நெஞ்சுக்குள்ள ஏதோ இளகிச்சு. நான் எண்ணல. எண்ணப் பயம்.

பிறகு பைப்பு இருமிச்சு. ஒரு துப்பு துப்பிச்சு. வெறும் காத்து வந்துச்சு.

மேசையில இன்னும் கேட்டாங்க. முடிஞ்சுதுன்னு முதலாளி சொன்னார். சாப்பாடு போச்சு. லொறிக்காரங்க போனாங்க. போறப்ப ஒருத்தர் என் தோளைத் தட்டிட்டுப் போனார்.

முதலாளி டின்னைத் தூக்கிப் பாத்தார். கனம் பாக்கிற மாதிரி. பிறகு எனக்கு முன்னால தள்ளினார்.

"நீயே எண்ணு."

கவுண்டர்ல கொட்டினேன். பத்துப் பத்தா வெச்சேன். ஒருக்கா எண்ணினேன். கலைச்சிட்டு மறுபடி எண்ணினேன். டின்னைக் கவுத்துத் தட்டிப் பாத்தேன். அவர் பொறுமையா நின்னார். பிறகு பைப்பு கழட்டுற ஸ்பேனரை எடுத்து என் பக்கத்துல வெச்சிட்டு வெளிய போனார்.

அவ பின் கதவால வந்தாள். நெத்தியில காலம்பற வெச்ச சந்தனம் அப்பிடியே இருந்துச்சு. சந்தனத்தைப் பத்தி நான் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

எத்தனை வந்துச்சுன்னு கேட்டாள்.

எழுபத்தி மூணு.