பியூகிள் முடியும்வரை

முசே அந்துவான் பிரெஞ்சு நகரமான மார்செய்யில் காலமான செய்தியை அவர் மகள் மரி ஃபோனில் சொன்னாள். நான் வீட்டு வாசலில் நனைந்த குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்தபின் ஒன்று கேட்டாள். "அங்கிள், பெரிய மீன் ஒன்னு மாட்டி, தப்பிச்சுப் போயிடுச்சுன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு. அது நெசமா?"

நிஜம்தான் என்றேன். நம்பினாளா, தெரியாது. இதைப் படிக்கப்போகும் உங்களில், அவரை அறிந்த பலரும் நம்பியதில்லை. அப்போது கூட இருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, பென்ஷனோடு எங்கள் உப்பளம் பேட்டையில் எனக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்தவர் அவர்; பிரெஞ்சில் ஐயா என்பதற்கான 'முசே' அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மகள் வாங்கித் தந்த நீளமான தூண்டில் கம்போடு மாலையானால் பழைய துறைமுகத்துக்குத் தெற்கே மணலில் போய் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் போவேன். அலை வந்து காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிடும். "மீன் வரலன்னா என்னா, கடல் வந்துக்கினுதான இருக்குது" என்பார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மரி ஃபோன் செய்து, மீன் கிடைத்ததா என்று கேட்கும்போது மட்டும் அவர் முகம் சுருங்கும். கெளுத்தியைத் தவிர எதுவும் மாட்டியதில்லை. கெளுத்தியை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. மகளிடம் சொல்ல ஒரே ஒரு நல்ல மீன் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அது நவம்பர் மாதம். மறுநாள் போர் நினைவுச் சின்னத்தில் மாண்ட வீரர்களுக்கு அஞ்சலி. மழை விட்டிருந்தது, வாடைக்காற்று. உயிர் இறாலைக் கோத்து வீசிய சற்று நேரத்தில் கம்பு வில்லாய் வளைந்தது. அலைக்கு அப்பால் ஒரு கொடுவா வாயைப் பிளந்துகொண்டு எம்பி, மின்னி, விழுந்தது. என் இடுப்பு உயரம் இருக்கும். முசே சிறுபிள்ளை போலச் சிரித்தார். ரீலைச் சுற்றிச் சுற்றி அதைப் பாதி தூரம் இழுத்துவிட்டார்.

அப்போது வடக்கே கடற்கரைச் சாலையிலிருந்து, காற்றோடு, பியூகிள் என்னும் படை ஊதுகொம்பு கேட்டது. நாளைக்கான ஒத்திகை. முசேயின் கை நின்றது. குதிகாலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, கம்பைப் பிடித்தபடி விறைப்பாக நின்றுவிட்டார். மீன் இழுக்க, தூண்டிலின் தங்கூஸ் நரம்பு ரீலிலிருந்து கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சுத்துங்க முசே, ஒத்திகைதான்" என்று கத்தினேன். கடலைப் பார்த்தபடியே சொன்னார். "செத்தவங்களுக்கு ஒத்திகைன்னு யாரு போயி சொல்றது?"

பியூகிள் ஓய்ந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் அசையவில்லை. பியூகிளுக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் உண்டாம். அந்த மௌனத்தின் நடுவில்தான் நரம்பு அறுந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மௌனம் முடிந்த பிறகுதான் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமான கோபம். வீடுவரை அவரை விட்டு முன்னால் நடந்தேன். மகளிடம் அவர் காரணத்தைச் சொல்லவேயில்லை, விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

பிறகு மார்செய்யில் இருக்கும் மகளிடம் போகும்போது கம்பை என்னிடம் தந்து, திரும்பி வரும்வரை வைத்திருக்கச் சொன்னார். இந்த நவம்பரில், அதே ஒத்திகை நாளில், தனியாக அதை எடுத்துக்கொண்டு போனேன். கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நரம்பு ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. உடனே பியூகிளும் வந்தது. நான் எந்தப் படையிலும் இருந்தவனில்லை. செத்தவர்களில் இப்போது அவரும் ஒருவர் என்பது மட்டும் தெரிந்தது. நின்றேன். மௌனம் முடியும்வரை நின்றேன். சுற்றி எடுத்தபோது தூண்டில் முள்ளில் இறால் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கம்பு அல்ல, அந்த நிற்றல்தான். வீட்டுக்கு வந்ததும் மரிக்கு ஃபோன் செய்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் சொன்னேன், "நானும் ஒரு மீன விட்டுட்டேம்மா."