புடையனுக்கு வழிவிட்ட பரமேஸ்வரி அக்கா

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். முதல் பதில் எப்போதும் பரமேஸ்வரி அக்காவிடமிருந்துதான் வரும்: "வாறன். வெள்ளனவோ?" அன்றும் அவருடைய எண்ணிலிருந்துதான் பதில் வந்தது. ஆனால் எழுதியிருந்தவர் அவருடைய மகள். "அம்மா விடிய நித்திரையிலேயே போயிட்டா." அக்கா ஏதோ பகிடி விடுகிறார் என்றே சற்று நேரம் நினைத்தேன். அப்படிப்பட்ட ஆள் அவர்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் உங்களில் பாதிப் பேர் அவருடைய கடையில்தான் கூறைச் சேலை எடுத்திருப்பீர்கள். எடுத்த நிறம் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லி, வேறொன்றை விரித்துக் காட்டும் அந்த வாயை மறந்திருக்க மாட்டீர்கள். எதற்கும் அசையாத அந்த மனுசி பாம்பு என்றால் நடுங்குவார் என்பது கடைக்கு வந்த பலருக்குத் தெரியாது. பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். "பூச்சி" என்பார்.

காரணம் வன்னியில் இருந்தது. ஷெல்லடி தொடங்கிய ஒரு பகலில் பதுங்குகுழிக்குள் இறங்கப் போனவர், அடியில் ஒரு புடையன் சுருண்டு கிடப்பதைக் கண்டிருக்கிறார். கடித்தால் ஆளை முடித்துவிடும் விரியன் அது. அக்கா குழிக்கு வெளியே வெறுந்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "ஷெல்லுக்கு நான் ஆரெண்டு தெரியாது, தம்பி. அது என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்போம்.

கணவர் இறந்து, கடையையும் மகளிடம் கொடுத்த பிறகு அக்கா வீட்டுக்குள் முடங்கிவிட்டார். யன்னல் சீலையைக்கூட விலக்க விடுகிறார் இல்லை என்று மகள் வந்து அழுதார். நானும் மனைவியும் அவரை எங்கள் நடைக்குழுவுக்கு இழுத்து வந்தோம். குளிர்காலம் முழுக்கப் பூங்காக்களில் நடந்தார். முகம் தெளிந்தது, வாயும் திரும்பி வந்தது.

வசந்தத்தில் லண்டனுக்கு வெளியே ஒரு புதர்வெளிக்கு ரயிலேறிப் போனோம். வாசலிலேயே பலகை: விஷப்பாம்பு உண்டு, கவனம். முதுகு நெடுக வளைகோடு போட்ட படமும் இருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்கட புடையன்ர சொந்தக்காரன். இதுவும் எங்களை மாதிரி விசாவுக்குக் குரோய்டனில கியூவில நிண்டுதான் இஞ்ச இருக்குதோ?"

சொல்லிவிட்டு வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு ஏலாது. இனி நான் நடைக்கே வரேல்லை."

இனி வராவிட்டால் மறுபடி அந்த இருட்டு வீடுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி ஒரு தடியைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நடுவில வாங்கோ, அக்கா. தட்டிக்கொண்டு வாங்கோ." அக்கா உட்கார்ந்தபடியே தடியை நிலத்தில் ஒரு தரம் இடித்துப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

அதன் பிறகு அவர் நடந்த நடை இருக்கிறதே! அடிக்கு ஒரு தரம் தடியால் நிலத்தில் இடி, கூடவே ஓயாத கதை. மூன்று சேலையை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் மாப்பிள்ளையையே மாற்றிய பெண்ணின் கதையை அங்கேதான் கேட்டேன். சத்தத்துக்குப் பூச்சி விலகிவிடுமாம். எனக்கு இப்படியான விஷயங்களில் வாய் சும்மா இருக்காது.

"தடி சரி, அக்கா. நிலம் அதிர்ந்தால் அதுக்குத் தெரியும். உங்கட கதை அதுக்குப் பெரிசாக் கேக்காது."

"எனக்குக் கேக்குதுதானே" என்றார்.

அடுத்த வசந்தத்தில் அதைக் கண்டோம். வெயில் காய்ந்தபடி பாதை நடுவில் கிடந்தது. பலகையில் பார்த்த அதே வளைகோடு. எல்லாம் தெரிந்த நான் பின்வாங்கி மனைவியின் காலை மிதித்தேன். அக்கா ஓடவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பேசும் அதே குரலில் சொன்னார்: "நீர் உம்மட பாட்டில போம். நாங்கள் எங்கட பாட்டில போறம்." அது அவசரப்படாமல் புதருக்குள் போய் மறைந்தது.

"பயம் போயிட்டுதோ, அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போறது? அதையும் கூட்டிக்கொண்டுதான் நடக்கிறன்."

அன்று திரும்பும் ரயிலில், நாங்கள் கட்டிக்கொண்டு போன மட்டன் ரோல்ஸை அக்காவே தின்று முடித்தார்; எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த ஞாயிறு அதே புதர்வெளிக்குப் போனோம். மகளும் வந்து தடியை என் கையில் தந்தார். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் அறியேன். எனக்குத் தாங்கவில்லை. தடியை ஓங்கி நிலத்தில் இடித்துவிட்டு, மாப்பிள்ளையை மாற்றிய பெண்ணின் கதையை உரத்துச் சொல்லத் தொடங்கினேன்.

"அதுக்குக் கேக்காதெண்டு நீங்கள்தானே சொல்லுவியள், அங்கிள்" என்றார் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எனக்குக் கேக்குதுதானே" என்றேன்.

வீடு திரும்பும்போது தடியை மகளிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலை நான் வைத்துக்கொண்டேன்.