பாலைவனத்துக்கு ஒரு துன் ஏரி ஜன்னல்

வீட்டு வடிவமைப்பு ஒப்பந்தத்தின் நான்காம் விதி: மேற்குச் சுவரில் நிழலில்லாத கண்ணாடி கூடாது. ஓமான் பாலைவனத்தில் என் மகள் கட்டும் வீட்டின் வரைபடத்தில் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. ஏன் என்று கேட்பதற்காக, ஜூலை வெயிலில், சுவிஸின் துன் ஏரிக்கரை நகருக்கு ரயிலேறி வந்திருக்கிறேன். வரைபடம் தந்த கட்டடக்கலை அலுவலகம் தன் ஜன்னல்களுக்கு வெளியே மறைப்பை இறக்கிவிட்டு இருட்டில் குளிர்ந்திருக்கிறது.

வரைபடம் வரைந்த மன்னார்ப் பெண் மேரி தண்ணீர் தருகிறாள். “இங்க வெயிலை உள்ளுக்கு எடுத்தால்தான் ஹீட்டிங் மிச்சம், ஐயா. ஏரிக்கரை வீட்டுப் பிளானைத்தான் அங்கயும் வைச்சனாங்கள்.”

“அங்க ஆருக்குப் பிள்ளை ஹீட்டிங்?”

“ஓம், நானும் செஃபுக்கு, எங்கட முதலாளிக்கு, சொன்னனான். எழுத்தில தரட்டாம்.”

“மூண்டு தரம் பதிவுத் தபாலில தந்தாச்சு!”

“அவர் லீவில, ஐயா.”

அவருடைய கையெழுத்தில்லாமல் ஓமான் ஒப்பந்தக்காரர் ஒரு கோட்டையும் மாற்றமாட்டார்.

‘உங்கள் ஆட்சேபம் சரியானது’ என்ற அவருடைய பதில், அங்கே கண்ணாடி பொருத்தி முடிந்த பிறகு, செப்டம்பர் நான்காம் திகதி வருகிறது.