குழாயின் கடைசியில் ஆறுச்சாமி

புதன்கிழமை காலை எலப்புள்ளிக் கிடங்கில் கருங்கல் இறக்கிக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமியின் மனைவி போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். லோடைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினோம்.

அவரோடு சுமை தூக்கிய உங்களுக்கு அவர் வாயைப் பற்றித் தெரியும். கதவைக் கீல் பக்கம் தள்ளுகிறவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. பாக்குவெட்டியின் நுனியில் பாக்கை வைத்தால் பிடுங்கி, இரு பிடியும் சேரும் ஆணியை ஒட்டித் தள்ளிக் கொடுப்பார். ஒற்றைச் சக்கர வண்டியில் கல்லைச் சக்கரத்துப் பக்கமாகத்தான் ஏற்றச் சொல்வார். இவருக்கு வேறு வேலையே இல்லை என்று கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

போன மழைக்காலத்தில் லாரியிலிருந்து உருண்ட பாறை என் வலது முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றது. கிரேன் வாளையார் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. நம் வழக்கப்படி பத்துப் பேர் பாறைக்குக் கை கொடுத்து, குரல் போட்டுத் தூக்கினார்கள். மயிரிழை உயர்ந்தது. குரல் நின்றதும் கையும் தளர்ந்து, பாறை பழையபடி என் காலில் இறங்கியது. நான் அலறினேன். இரண்டாவது குரலுக்கு எல்லோரும் தயாரானார்கள்.

"ஆரும் கை வெக்காதீங்க" என்றார் ஆறுச்சாமி.

நீளமான இரும்புக் குழாயைப் பாறைக்கு அடியில் செருகச் சொன்னார். யாரோ குழாயின் நடுவுக்கு அடியில் முட்டுக்கல் வைத்தார். மூன்று பேர் தொங்கியும் பாறை அசையவில்லை. எனக்குக் கால் மரத்துக்கொண்டு வந்தது. கால் போனால் என் பிழைப்பும் போய்விடும் என்ற பயத்தில் அவரையே திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் முட்டுக்கல்லைப் பாறையோரம் உதைத்துத் தள்ளினார். பிறகு குழாயின் கடைசிக்குப் போனார்.

அவரும் இன்னொருவரும் அழுத்தினார்கள். குழாய் ஒரு முழம் இறங்க, பாறை இரண்டு விரல் ஏறியது. அடியில் கட்டை வைத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள். இரண்டாவது கட்டை சேற்றில் நழுவியது. கூட இருந்தவர் என்னை இழுக்க ஓடிவந்துவிட்டார். ஆறுச்சாமி ஒருவர்தான் வயிறு அழுந்தக் குழாய்மேல் கிடந்தார். குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பதறாம இழுங்க. நான் உட மாட்டேன்."

விடவும் இல்லை. என்னை வெளியே இழுத்துவிட்டார்கள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை பாடை கட்டியதும், நொண்டுகிறவன் எதற்கு என்று என்னை விலக்கினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலைமாட்டுப் பக்கம்தான் கனம் கூடுதல். அந்தப் பக்கமே தோள் கொடுத்தேன். பாதி வழியில் மாற்றிக்கொள்ள வந்தவர்களுக்கு நான் இடம் தரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கால்தான். சுடுகாடு வரை அதை ஊன்றியே அவரைச் சுமந்தேன்.