கை உள்ள

கரண்டு போனால் எங்கள் வீட்டில் சுவிட்சை அணைக்க மாட்டோம். பாளையம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்த எங்கள் தெருவில் யாருமே அணைத்ததில்லை. கரண்டு வந்த நொடியே தறி தானாக ஓட வேண்டும், ஒரு முழம்கூடக் குறையக் கூடாது என்ற பேராசை. அறுந்த இழையைப் பிணைக்கத் தறிக்குள் கை விடுகிறவர் ‘கை உள்ள’ என்று குரல் கொடுப்பார். சுவிட்சுப் பக்கம் நிற்பவர் அணைப்பார். எங்கள் வீட்டில் குரல் கொடுப்பவர் என் வீட்டுக்காரர், அணைப்பவள் நான்.

எண்பதுகளின் கடைசியில், தெற்கே கடற்கரையில் ரஷ்யாக்காரர்கள் உதவியோடு அணுமின் நிலையம் வரப்போவதாகப் பேப்பரில் வந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் கரண்டே நிற்காது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். என் தம்பி அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ரஷ்யாவில் உலை வெடித்து ஊர் ஊராகக் காலிசெய்ததைப் படித்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிருந்தது. நிலையம் வேண்டாம் என்று ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு ஒரு மதியம் வந்து சேர்ந்தான்.

அப்போது கரண்டு இல்லை. இருவருக்கும் வாய்த்தகராறு முற்றியது.

“எம்புள்ளைக்கு ஆறு மாசம் மச்சான். வெடிச்சா எங்க தூக்கிட்டு ஓட?” என்றான் தம்பி.

தறி நின்றால் அடுப்பும் நிற்கிற வீட்டுக்குள் வந்து அதைச் சொல்லாதே என்றார் இவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

தம்பி மனுவின் கையெழுத்துத் தாளை என்னிடம் நீட்டினான். அவன் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் கைகொடுத்த ஞானத்தாய் நான். சுவிட்சுப் பலகைக்குக் கீழே சுவரில் தாளை வைத்து என் பெயரை எழுதத் தொடங்கினேன். இவர் பேச்சை நிறுத்தியிருந்தார். கோபித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் வோல்டேஜ் குறைவு. கரண்டு வந்தால் முதலில் பல்பு கங்கு மாதிரி சிவக்கும், பிறகுதான் மோட்டார் இழுக்கும். பல்பு சிவந்தது. நிமிர்ந்தேன். இவர் கை தறிக்குள் இருந்தது. பேனாவைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அடித்தேன். தறி ஒரே ஓர் அடி அடித்து நின்றது.

காரியாபட்டி வழியாகப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி, துண்டு சுற்றிய அந்தக் கையைத் தன் மடியில் தாங்கியிருந்தான். மதுரையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. திரும்பிப் பார்க்காமல் பெயர் எழுதிக்கொண்டு நின்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ரஷ்யா உடைந்தது, நிலையத்தைக் கிடப்பில் போட்டார்கள். எங்களுக்குக் கரண்டு வழக்கம்போல் போய்ப் போய் வந்தது. விரல் போன பிறகும் சுவிட்சை அணைக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தம்பி வந்தான். அந்தத் தாளை மனுவோடு கொடுக்கவே இல்லை என்று என் கையில் திணித்தான். நான் மறைப்பதற்குள் இவர் மூன்று விரல் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். பாதிப் பெயரோடு நின்றிருந்தது கையெழுத்து. உங்கள் விரல் என்னால்தான் போனது என்று சொல்லி அழுதுவிட்டேன்.

“நீ எழுதுனத அன்னைக்கே பாத்தேன்” என்றார். “கோவம். நீயாத் திரும்பிப் பாக்குறியான்னுதான், சொல்லாம கைய விட்டேன்.”

அன்றும் கரண்டு இல்லை. எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார்.